பூமருக்குத் தெரியாது, சரி, பால்ட்டருக்குத் தெரியுமே

கேள்வி, பிப்ரவரி 6
‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ என்ற விண்வெளித் தொடரின் முதல் சீசனை நேற்றிரவு முடித்தேன். விமானி பூமர் கேலக்டிகா கப்பலின் தளபதி அடாமாவைச் சுட்டுவிட்டாள். ஆனால் தான் சைலான், அதாவது மனித உருவில் வரும் எதிரி இயந்திரம், என்பதே அவளுக்குத் தெரியாதே? துப்பாக்கியின் மேல் யாராவது கொலை வழக்குப் போடுவார்களா? எல்லோரும் அவளைத் துரோகி என்று திட்டுவது எந்த ஊர் நியாயம்?

பதில், பிப்ரவரி 6, இரவு
துப்பாக்கிக்குத் தன்மேல் சந்தேகம் வராது. பூமருக்கு வந்தது.

இரண்டாவது எபிசோடை இன்னொரு முறை பாருங்கள். உடல் முழுக்க நனைந்து, எங்கிருந்து வந்தோம் என்று தெரியாமல் அவள் விழிக்கிறாள். பையில் வெடிமருந்து இருக்கிறது. சற்று நேரத்தில் கப்பலின் தண்ணீர்த் தொட்டிகள் வெடிக்கின்றன. பிறகு தண்ணீர் தேடி ராப்டர் என்ற சிறு விண்கலத்தில் போகும்போது கருவி ‘இருக்கிறது’ என்று காட்டுகிறது. அவளுடைய வாய் அதைச் சொல்ல மறுக்கிறது. பக்கத்தில் இருப்பவன் எதையும் உணராமல் அடுத்த இடத்துக்குப் போகலாமா என்ற யோசனையில் இருக்கிறான். இருக்கைக்கு அடியில் இன்னொரு வெடிகுண்டு. கடைசியில் தன்னோடு தானே மல்லுக்கட்டி அந்த ஒரு சொல்லை வெளியே கொண்டுவருகிறாள். பூமராக வரும் கிரேஸ் பார்க்கின் நடிப்பை நான் முதலில் மதித்தது அங்கேதான்.

ஆகவே ‘தெரியாது’ என்பது பாதி உண்மை. தெரிந்துகொள்ள அஞ்சினாள். அஞ்சிக்கொண்டே ஒருவரிடம் போய்க் கேட்கவும் செய்தாள். அவர் பொய் சொன்னார். அந்த ஆளைப் பற்றி இந்த இழையில் ஒருவரும் பேசக் காணோம்.

பிப்ரவரி 7
கதையை உடைத்துவிட்டேன் என்று புகார் வந்திருக்கிறது. 2009 மார்ச்சில் முடிந்த தொடர் ஐயா. இருந்தாலும் கேட்டவர் முதல் சீசனோடு நிற்பதால், இனி இரண்டாம் சீசனுக்கு அப்பால் போகும்போது முன்னரே சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 7, மாலை
அந்த ஆள் விஞ்ஞானி கயஸ் பால்ட்டர். சைலானைக் கண்டுபிடிக்கும் கருவி செய்கிறேன் என்று சொல்லி, அதற்குப் புளூட்டோனியம் தேவை என்று அடாமாவிடம் ஓர் அணுகுண்டையே வாங்கிக்கொண்டவர். கருவி உண்மையிலேயே வேலை செய்தது என்பதுதான் வேடிக்கை. பூமரின் இரத்தத்தை வைத்தபோது, சைலான்தான் என்று திரை சிவப்புக் காட்டியது. பால்ட்டர் அவள் முகத்தைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அவளுக்குள் இருக்கும் இன்னொருத்தி விழித்துத் தன் கழுத்தை முறித்துவிடுவாளோ என்று பயந்தார். பச்சை என்றார். அவளும் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு போனாள்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சோதனைக்கு 11 மணி நேரம். சைலான் தாக்குதலில் தப்பிக் கப்பல் கூட்டத்தில் மிஞ்சியவர்கள் ஏறத்தாழ 48,000 பேர். ஒருவர் பின் ஒருவராக இரவு பகல் ஓயாமல் சோதித்தால் அறுபது ஆண்டுகள் ஆகும். பால்ட்டரே இதைச் சொல்லிப் புலம்புகிறார். அவருக்கு அது புலம்பல் மட்டுமல்ல, வசதியும்கூட. வரிசையில் யாரை முன்னே நிறுத்துவது, யாரைப் பின்னே தள்ளுவது என்பதெல்லாம் அவர் கையில்தான். ஜனாதிபதி ராஸ்லின் அடாமாவை முதலில் சோதிக்கச் சொல்கிறார். அடாமா பாதியில் நிறுத்தி, துணைத் தளபதி டையின் மனைவி எல்லனைச் சோதிக்கச் சொல்கிறார். அறிவியல் கருவி இரண்டே நாளில் அரசியல் கருவி ஆகிவிட்டது.

எல்லனுக்கும் பச்சை என்றுதான் பால்ட்டர் அறிவித்தார். உண்மையான முடிவு என்ன என்று அவருடைய மனத்துக்குள் இருக்கும் ‘ஆறாம் எண்’ என்ற சைலான் பெண் கேட்டபோது, சொல்லவே மாட்டேன் என்றார். கடைசிவரை சொல்லவும் இல்லை.

பிப்ரவரி 8
‘கருவி எதற்கு, ஒளிப்படம் போதுமே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. மனித உருவச் சைலான்களில் மொத்தம் பன்னிரண்டு மாதிரிகள்தான். ஒவ்வொன்றுக்கும் ஏராளமான நகல்கள். ஒரு முகம் அம்பலமானால் அந்த முகத்தோடு இருக்கும் எல்லோரும் அம்பலம். டோரல், லியோபென் என்ற இரு சைலான்களின் படங்களையும் வெளியிட்டு மக்களுக்கு அறிவித்த பிறகு அந்த முகங்களோடு யாரும் சுதந்திரமாக நடமாட முடியவில்லை. பார்த்த முகத்தைப் பிடிக்க அது போதும். பார்க்காத முகத்துக்கு? பூமரின் இன்னொரு நகல் கேலக்டிகாக்காரர்களின் கண்ணில் படும்வரை அவள் வெறும் லெப்டினன்ட் வெலேரி, தலைமை மெக்கானிக் சீஃப் டைரலோடு ஊருக்கே தெரிந்த ‘இரகசிய’க் காதலில் இருப்பவள்.

ஆறாம் எண்ணாக வரும் டிரிஷியா ஹெல்ஃபரைப் பார்த்து என் அம்மா, ‘இந்தப் பெண்ணுக்கு இரட்டை வேடமா?’ என்று கேட்டார். எண்ணிச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 8, சற்றுப் பிறகு
முதுகெலும்பு! தொடருக்கு முன்னோடியாக வந்த 2003 குறுந்தொடரில் படுக்கையறைக் காட்சியில் ஆறாம் எண்ணின் முதுகுத் தண்டு சிவப்பாக ஒளிர்கிறது. புளூட்டோனியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, ஆனால் அதை இராணுவ ஆணையாகப் பிறப்பிக்க முடியாது. தயாரிப்பாளர்களும் அதை மெல்ல மறந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 10
டோரல் விஷயத்தை யாராவது எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. நானே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த அயோக்கியத்தனம் அதுதான்.

குறுந்தொடரில் கட்டுப்பாட்டு அறையின் டிராடிஸ் என்ற ராடார் போன்ற கருவிமேல் சைலான் பொருள் ஒன்று ஒட்டியிருப்பதைப் பால்ட்டர் பார்க்கிறார். ‘உமக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்டால் மாட்டிக்கொள்வார். பன்னிரண்டு குடியேற்ற உலகங்களின் பாதுகாப்பு அமைப்பில் ஓட்டை விழுந்ததே அவர் ஆறாம் எண்ணுக்குத் திறந்துவிட்ட வழியால்தான். ஆகவே கையருகே கிடைத்த ஒருவனைக் காட்டிக்கொடுக்கிறார். கேலக்டிகாவை அருங்காட்சியகமாக மாற்றும் விழாவுக்கு வந்த மக்கள் தொடர்பு ஆள் டோரல். ஏதோ சோதனை செய்து கண்டுபிடித்ததாகக் கதை கட்டுகிறார். சோதனை எதுவும் நடக்கவில்லை. டோரலை ராக்னர் நிலையத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ‘நான் மனிதன், நான் மனிதன்’ என்று கெஞ்சுகிறான். பார்க்கிற நமக்கு வயிறு கலங்குகிறது.

கடைசிக் காட்சியில் அவன் சைலான்தான் என்று காட்டுகிறார்கள்.

அப்போது எனக்குள் வந்த நிம்மதியைத்தான் நான் இன்றுவரை சந்தேகிக்கிறேன். பொய்யான சான்று, பொய்யான சோதனை, அநியாயமான தண்டனை. குருட்டாம்போக்கில் முடிவு சரியாக அமைந்ததும் மூன்றையும் மன்னித்துவிட்டோம். எழுதியவர்கள் நம்மை வேண்டுமென்றே அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு யாரைப் பார்த்து யார் ‘சைலான்’ என்று கை காட்டினாலும் நமக்குப் பாதி நம்பத் தோன்றுகிறது.

பிப்ரவரி 10, பின்குறிப்பு
மேலே எழுதும்போது பழைய அலுவலகம் நினைவுக்கு வந்தது. பெயர் வேண்டாம். தேநீர் நேரத்தில் நாங்கள் பேசுவதெல்லாம் மறுநாள் மேலாளருக்குத் தெரிந்திருக்கும். ஊதிய உயர்வு பற்றிய முணுமுணுப்பு, யார் வேறு வேலை தேடுகிறார்கள் என்பது, எல்லாம். யாரோ போட்டுக்கொடுக்கிறார்கள் என்று முடிவானது. அதிகம் பேசாத ஒருவர் இருந்தார், எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதோடு சரி. அவராகத்தான் இருக்கும் என்றார்கள். சான்று என்ன? அவர் ஒன்றும் பேசுவதில்லை என்பதே சான்று. அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறும். சில மாதங்களில் வேலையை விட்டுப் போய்விட்டார். அதன் பிறகும் செய்தி போய்க்கொண்டுதான் இருந்தது. நாங்கள் தேநீர் குடித்த இடத்துக்கும் மேலாளர் அறைக்கும் இடையே இருந்தது வெறும் பிளைவுட் தடுப்பு.

பிப்ரவரி 11
‘இயந்திரத்தைச் சித்திரவதை செய்வது என்று ஒன்று கிடையாது, ரேடியோவைத் தட்டுவதும் அப்படித்தானா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

விமானி ஸ்டார்பக், பிடிபட்ட லியோபெனை விசாரிக்கும் எபிசோடில் அவளும் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறாள். அவனைப் பட்டினி போட்டு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். வாளித் தண்ணீரில் தலையை அமுக்குகிறார்கள். அவனுக்கு வியர்க்கிறது, பசிக்கிறது, வலிக்கிறது. கெட்டிக்கார இயந்திரமாக இருந்தால் வலியை அணைத்துக்கொள்வாயே என்று அவள் சீண்டுகிறாள். அணைத்தால் மனிதன் இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும், அணைக்காவிட்டால் தண்ணீர். எந்தப் பக்கம் போனாலும் அவனுக்கு அடிதான்.

ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளைச் சித்திரவதை செய்த படங்கள் வெளியானது 2004 ஏப்ரலில். அதே ஆண்டு அக்டோபரில் இந்தத் தொடர் முதலில் பிரிட்டனில் ஓடத் தொடங்கியது, அமெரிக்காவுக்கு 2005 ஜனவரியில் வந்தது. அந்த வாளியைப் பார்த்த அமெரிக்கர் யாருக்கும் விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. 2009 மார்ச்சில், கடைசி எபிசோடுக்குச் சில நாள் முன்பு, ஐ.நா. தலைமையகத்தில் இந்தத் தொடரை வைத்தே மனித உரிமை பற்றி ஒரு கலந்துரையாடல் நடந்தது. ராஸ்லினாக நடித்த மேரி மெக்டானலும் அடாமாவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஆல்மோஸும் போயிருந்தார்கள்.

முடிவையும் கவனியுங்கள். கப்பல் கூட்டத்தில் அணுகுண்டு வைத்திருக்கிறேன் என்று லியோபென் சொன்னது பொய். ராஸ்லின் வந்து சித்திரவதையை நிறுத்துகிறார், உயிருக்கு உறுதி தருகிறார், அவனும் உண்மையைச் சொல்லிவிடுகிறான். உடனே கப்பலின் ஏர்லாக் கதவைத் திறந்து விண்வெளியில் தள்ளச் சொல்கிறார். தள்ளப்படுவதற்கு முன் அவர் காதில் ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறான்: அடாமா ஒரு சைலான். இதுவும் பொய். ஆனால் டோரலின் நகல் ஒருவன் உடம்பில் கட்டிக்கொண்டு வந்து வெடித்த குண்டைவிட இது அதிக வேலை செய்தது. ஜனாதிபதிக்கும் தளபதிக்கும் நடுவே நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தது.

பிப்ரவரி 13
சிறு திருத்தம், இன்னொருவர் எழுதியதற்கு. ‘மனித உருவச் சைலான் 2003இல் இந்தப் புதுத் தொடரை உருவாக்கிய ரொனால்ட் டி. மூர் கண்டுபிடித்தது’ என்பது சரியல்ல. கிளென் லார்சனின் 1978 மூலத் தொடரில் உலோகக் கவச வீரர்கள்தான், ஆனால் அதன் வாலாக வந்த ‘கேலக்டிகா 1980’இலேயே மனித உருவச் சைலான் பூமியில் வந்து இறங்கியாயிற்று. அதைப் பார்த்தவர்கள் மறக்க முயன்றதால் வரலாறு மறைந்தது. மூர் செய்தது வேறு: அவர்களைக் காதலிக்கவும் பிரார்த்திக்கவும் விட்டார். செலவும் ஒரு காரணம். உலோக வீரர்களை வாரந்தோறும் கணினியில் உருவாக்குவதைவிட வான்கூவரில் நடிகருக்குக் கோட்டு மாட்டி நிறுத்துவது மலிவு.

பிப்ரவரி 13, தொடர்ச்சி
அதே கையோடு ஒரு குறை. உள்ளே ஒரு ஆளை அனுப்பி வைக்கும் அளவுக்குத் திட்டம் போடும் சைலான்கள், இன்னும் சில நாளில் அருங்காட்சியகமாகப் போகிற கப்பலில் ஏன் பூமரை வைத்தார்கள்? கேலக்டிகா தப்பியதே அடாமா கணினிகளை இணைக்க விடாததால். கம்பி போட்ட தொலைபேசியில் பேசினார்கள், பிழைத்தார்கள். அப்படி நடக்கும் என்று யாரும் முன்கூட்டி எண்ணியிருக்க முடியாது.

எனக்குத் தோன்றும் பதில்: மற்ற கப்பல்களிலும் பூமர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் தங்கள் கப்பலோடு எரிந்துபோனார்கள், தாங்கள் யார் என்று தெரியாமலே. தொடர் இதைச் சொல்லவில்லை, நானாகச் சேர்த்துக்கொள்கிறேன். சேர்த்த பிறகு தொடர் இன்னும் கொடுமையாகிவிட்டது.

பிப்ரவரி 15
இனி மூன்றாம், நான்காம் சீசன். பார்க்காதவர்கள் போய்விடுங்கள். கேள்வி கேட்டவர் முக்கியமாக.

போய்விட்டாரா? சரி.

கடைசி ஐவர், அதாவது பன்னிரண்டில் யாரென்று நெடுநாள் தெரியாமல் இருந்த ஐந்து சைலான்கள், பற்றி எதிர்பார்த்த சண்டை தொடங்கிவிட்டது. 2007 மார்ச்சில் மூன்றாம் சீசனின் கடைசியில் டை, டைரல், ஆண்டர்ஸ், டோரி நால்வரும் ஒரே பாட்டைக் காதில் கேட்டுக்கொண்டு ஒரே அறையில் வந்து நின்று, தாங்கள் சைலான்கள் என்று உணர்ந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ‘அவர்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது’ என்று எபிசோடுக்கு எபிசோட் தொடக்கத்தில் போட்டார்களே, எழுதியவர்களிடம் திட்டம் இல்லை. ஐவர் யார் என்பதை மூன்றாம் சீசன் எழுதும் காலத்தில்தான் முடிவு செய்தார்கள் என்பதை அவர்களே ஒளிக்கவில்லை. ஒட்டுப்போட்ட இடங்கள் பல்லிளிக்கின்றன. டைரலுக்குப் பிறந்த குழந்தை திடீரென்று ஒரு விமானியின் குழந்தையானது, சைலானுக்கும் மனிதனுக்கும் பிறந்த ஹீரா மட்டுமே கலப்புக் குழந்தையாக இருக்கவேண்டும் என்பதற்காக. கர்னல் டையை அடாமாவுக்கு முப்பது ஆண்டாகத் தெரியும். அதற்குக் கேவில் என்ற சைலான் நினைவுகளை அழித்து மாற்றி மனிதர்களுக்கு நடுவே விட்டான் என்று ஒரு விளக்கம்.

ஆனால் ஒட்டுப்போட்டதாலேயே சில இடங்கள் தாமாகவே அற்புதமாகிவிட்டன. இரண்டாம் சீசன் கடைசியில் டைரல் பாதிரியார் வேடத்தில் இருக்கும் கேவிலிடம் போய், நான் சைலானாக இருப்பேனோ என்று பயமாக இருக்கிறது என்கிறான். கேவில் சிரித்துக்கொண்டே, நானும் சைலான்தான், கூட்டங்களில் உன்னைப் பார்த்ததே இல்லையே என்று கிண்டலடிக்கிறான். எழுதியபோது அது கிண்டல். பின்னால் பார்த்தால் கேவிலுக்கு எல்லாம் தெரியும், டைரலுக்கு ஒன்றும் தெரியாது, அந்த ஆள் அவன் முகத்தெதிரே சிரித்திருக்கிறான்.

பிப்ரவரி 15, நள்ளிரவு
தூக்கம் வரவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். சைலான்கள் பிடித்து ஆண்ட நியூ கேப்ரிக்கா கோளிலிருந்து தப்பி வந்தபின் ஆறு பேர் இரகசியமாகக் கூடி, சைலான்களுக்கு ஒத்துழைத்தவர்களை விசாரித்து ஏர்லாக்கில் தள்ளுகிறார்கள் அல்லவா? அந்த அறுவரில் டை, டைரல், ஆண்டர்ஸ் உண்டு. சைலானுக்கு உடந்தையாக இருந்தான் என்று மனிதனுக்கு மரண தண்டனை விதித்த நீதிபதிகளில் பாதிப் பேர் சைலான்கள்! இதை எழுதியவர்களே அப்போது முடிவு செய்திருக்கவில்லை என்றால் சிரிப்பதா அழுவதா? கேலக்டிகா அதிகாரி கேய்ட்டாவையும் அங்கே மண்டியிட வைத்தார்கள். எதிர்ப்பு இயக்கத்துக்கு உள்ளிருந்து தகவல் கொடுத்தவனே அவன்தான். நாய்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கும் அடையாளத்தை அவன் சொன்னதைக் கேட்டு டைரலுக்குப் பொறி தட்டியதால் பிழைத்தான். அதே கேய்ட்டா பிற்பாடு சைலான்களோடு கூட்டணி வேண்டாம் என்று கலகம் செய்து சுடப்பட்டுச் செத்தான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை.

டைக்கு வருவோம். சைலானுக்குத் தகவல் கொடுத்தாள் என்பதற்காக, அதுவும் இவன் உயிரைக் காக்கக் கொடுத்தாள் என்று தெரிந்தும், மனைவி எல்லனுக்குத் தன் கையால் நஞ்சு கொடுத்தவன். தானே சைலான் என்று தெரிந்தவுடன் அவன் என்ன செய்தான்? நான் சால் டை, கப்பற்படை அதிகாரி, வேறு என்னவாக இருந்தாலும் அந்த மனிதனாகவே இருக்க விரும்புகிறேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். குடிகாரன், முரடன், ஒற்றைக் கண்ணன். மைக்கேல் ஹோகன் அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டு செய்ததை மற்றவர்கள் இரண்டு கண்ணாலும் செய்யவில்லை.

பிப்ரவரி 18
கேள்வி கேட்டவர் போகவில்லையாம், எல்லாவற்றையும் படித்துவிட்டாராம். அப்படியானால் முழுதாகவே சொல்கிறேன்.

‘டைக்குத் தெரிந்தது, தேர்ந்தெடுத்தான், பூமருக்கு அந்த வாய்ப்பே இல்லை’ என்கிறார். சுடும் கணத்தில் இல்லைதான். ஆனால் பூமரின் கதை அடாமாவைச் சுட்டதோடு முடியவில்லை. இறந்து, சைலான்களுக்கே உரிய வழியில் வேறு உடலில் விழித்து, தான் யார் என்பது நூறு விழுக்காடு தெரிந்த பிறகு பல ஆண்டுகள் வாழ்ந்தாள். கேவில் பக்கம் சாய்ந்தாள். டைரலின் பழைய காதலையே ஆயுதமாக்கி அவனை ஏமாற்றிக் குழந்தை ஹீராவைக் கடத்திக்கொண்டு போனாள். அவளைத் துரோகி என்று சொல்ல வேண்டுமானால் அதற்குச் சொல்லுங்கள். அப்போது அவள் யாருடைய துப்பாக்கியும் இல்லை. பிறகு அதே குழந்தையை மீட்டுக் கொண்டுவந்து, ஹீராவின் தாயும் தன்னைப் போலவே எட்டாம் எண் சைலானுமான ஏதீனாவிடம் ஒப்படைத்தவளும் அவள்தான். பயிற்சிக் காலத்தில் அடாமா ஒருமுறை தன்னை வெளியேற்றாமல் விட்டதற்கு அது கடன் தீர்த்தல் என்றாள். ஏதீனா வாங்கிக்கொண்டு சுட்டாள். எட்டாம் எண்ணை எட்டாம் எண் கொன்றது. ஒரே முகம், ஒரே நினைவுகளில் பாதி; ஒருத்தி சீருடை போட்ட அதிகாரி, ஒருத்தி தரையில் பிணம்.

சட்டம் என்ன சொன்னது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் பூமரைக் கூட்டத்தின் நடுவில் சுட்டுக் கொன்ற மெக்கானிக் கேல்லிக்கு முப்பது நாள் சிறை. குற்றம்: அனுமதியின்றித் துப்பாக்கியைப் பயன்படுத்தியது. கொலை என்ற சொல்லே வரவில்லை. நீங்கள் துப்பாக்கி மேல் வழக்குப் போடுவார்களா என்று கேட்டீர்கள். அங்கே தோட்டா செலவானதற்குத்தான் வழக்கு.

பிப்ரவரி 18, மீண்டும்
பால்ட்டரை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவர் மேலும் வழக்கு நடந்தது, மூன்றாம் சீசன் கடைசியில். ஐந்து நீதிபதிகள், மூன்றுக்கு இரண்டு என்று விடுதலை. குற்றச்சாட்டெல்லாம் நியூ கேப்ரிக்காவில் சைலான் ஆட்சிக்கு ஒத்துழைத்தது பற்றி, அதிலும் மரண தண்டனைப் பட்டியலில் போட்டது நெற்றியில் துப்பாக்கி வைத்து வாங்கிய கையெழுத்து. அவர் உண்மையாகவே செய்தவை வேறு. ஆறாம் எண்ணுக்குப் பாதுகாப்பு அமைப்பைத் திறந்துவிட்டது. கருவிக்கென்று வாங்கிய அணுகுண்டை ஆறாம் எண்ணின் இன்னொரு நகலான ஜீனாவிடம் கொடுத்தது. அதை அவள் வெடிக்க வைத்ததன் தடத்தைப் பிடித்துத்தான் ஓராண்டு கழித்துச் சைலான்கள் நியூ கேப்ரிக்காவுக்கே வந்து சேர்ந்தார்கள். அப்புறம் பூமரின் இரத்தச் சோதனை. இவை ஒன்றும் குற்றப்பத்திரிகையில் இல்லை.

வேடம் போட்டு உள்ளே நுழைந்த சைலான்களைப் பற்றியே பக்கம் பக்கமாகப் பேசுகிறோம். பூமர் கதவைத் தட்டி, நான் யார் என்று சொல்லுங்கள் என்று கேட்ட நாளில் அந்தக் கப்பலில் விடை தெரிந்த ஒரே ஆள் மனிதன். அவர் வாயைத் திறந்திருந்தால் அவளைச் சிறையில் போட்டிருப்பார்கள். அடாமாவின் மார்பில் இரண்டு தோட்டா பாய்ந்திருக்காது.

பிப்ரவரி 20
‘சிறையில் போட்டிருக்க மாட்டார்கள், ராஸ்லின் ஏர்லாக்கில் தள்ளியிருப்பார்’ என்று பதில் வந்திருக்கிறது. லியோபெனுக்கு நடந்ததைப் பார்த்தால் மறுக்க வழியில்லை. அதே எபிசோடில்தானே பூமருக்கும் சோதனை நடந்தது. அப்படியென்றால் பால்ட்டரின் பொய் அவளுக்குச் சில வாரம் கூடுதலாக வாழ்வு கொடுத்தது என்றும் வாதிடலாம். அந்த வாதத்தை வேறு யாராவது எடுத்து நடத்துங்கள், எனக்குக் கை வரவில்லை.

கேட்டவருக்குக் கடைசியாக: இரண்டாம் சீசனை விடாமல் பாருங்கள். ‘ரேஸர்’ படத்தை நான்காம் சீசனுக்கு முன்பு வைத்துக்கொள்ளுங்கள். ‘தி பிளான்’ படத்தை எல்லாம் முடிந்த பிறகு பாருங்கள், அல்லது பார்க்காமலே இருங்கள். திட்டம் என்ன என்று அதில் விளக்கியிருக்கிறார்கள். விளக்காமலே இருந்திருக்கலாம்.